விடுப்பு விண்ணப்பம்

வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்.
காலை ஒன்பதரைக்கு
தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு உரக்க வாசிப்பேன்:
ஜோவிட்டா.
பதில் வராது.
மேசைக்கு அடியில் ஒரு கால் ஆடும்.
அதுதான் உள்ளேன் அம்மா.

குலசேகரத்தில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம் என்று
கேட்கிறவர்களுக்கு மூன்று பதில் வைத்திருக்கிறேன்.
மீன்காரருக்கு ஒன்று,
ஞாயிறு பூசை முடிந்து வாசலில் மறிப்பவர்களுக்கு ஒன்று,
நாத்தனாருக்குக் கொஞ்சம் நீளமாக ஒன்று.
மூன்றும் உண்மை.
மூன்றும் போதாது.

இன்று அவளுக்கு ஒன்பது.
விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் புறப்பட்டவர்
நெற்றி விளக்கை அணைக்க மறந்து
அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னார்.
வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி
தூக்கத்திலேயே தேங்க்ஸ் என்றாள்.
ஏழு மணிக்கு துபாய் சித்தப்பா போனில்
"ஹேப்பி பர்த்டே மக்களே" என்று கத்தினார்.
அங்கே அப்போது மணி ஐந்தரை,
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
"பாவம், அலாரம் வச்சிருப்பாரு" என்றாள்.

போன வருசம்வரை
பிறந்தநாள் என்றால் முப்பத்தெட்டு மிட்டாய்,
டீச்சர்களுக்குத் தனியாக ஆறு.
நேற்று கடையில் கேட்டேன், மிட்டாய் வாங்கவா?
"யாருக்கு?" என்றாள்.
கோபமில்லை.
வாய்ப்பாடு கேட்பதுபோல் கேட்டாள்.

அதனால்தான் இன்று முந்திரிக்கொத்து.
பாசிப்பயறு வறுத்த மணத்துக்கே
மேசைக்கு அடியிலிருந்து தலை வந்தது.
"முந்திரியே இல்லாததுக்கு ஏன் முந்திரிக்கொத்துண்ணு பேரு?"
திராட்சைக் கொலை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்லா என்றேன்.
"அப்போ திராட்சை எங்கே?"
பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகளுக்கு
நான் மாவு கரைத்துக்கொண்டிருப்பேன்.

உருண்டை மூன்று மூன்றாக ஒட்டி
எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தபோது
ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று
என் இடுப்பில் இடித்தது.

அனுப்புநர்: சு. ஜோவிட்டா, மேசைக்கு அடியில்.
பெறுநர்: தலைமை ஆசிரியை, அடுக்களை.
மதிப்பிற்குரிய ஐயா
(ஐயாவை அடித்து அம்மா,
அம்மாவை அடித்து மீண்டும் ஐயா)
நான் இன்று பிறந்துவிட்டபடியால்
பள்ளிக்கு வர இயளவில்லை.

சிவப்புப் பேனாவைத் தேடி
ளவை வட்டமிட்டு ல எழுதினேன்.
பள்ளிக்கு வர நீ எங்கேயும் போகவே வேண்டாமே பிள்ளே என்றேன்.
"அதுதானே" என்றாள்.
"போகாம இருக்கணும்னா நான் எங்கே போறது?"

அதற்கும் மாவு கரைத்தேன்.

தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கடிதம்.
எங்கள் டீச்சர் அந்த நாளில்
மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில்
ராத்திரி முழுக்க அழுதார்கள் என்று
அப்பா சொன்னார்.
ஆகையால் அவர்களுக்கும்
ஒரு நாள் விடுப்பு தரும்படி
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பிழை இல்லை.
ழகரங்கூட எல்லாம் சரியான இடத்தில்.
கடைசிக் கொத்து அடியில் கருகும்வரை
தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தரைக்கு அவர் வந்தார்.
கையெல்லாம் பால் நாற்றம், கழுவவில்லை,
வாயை மட்டும் திறந்தார்.
தட்டிலிருந்து ஒரு கொத்தைப் பொறுக்கி
அப்படியே அவர் வாயில் திணித்தாள்,
கருகினதைத்தான்.
தட்டில் ஒன்பது இருந்தது, இப்போது எட்டு.
என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எட்டு மூணு? என்று தொடங்கினேன்.

அவள் மேசைக்கு அடியிலிருந்து
காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"லீவு."